வலது கைக்குக் கொடுக்காத ஜாய்ஸ்டிக்

"எந்த ஜாய்ஸ்டிக் வாங்கலாம் அக்கா?" என்று வாரம் தவறாமல் கேம் பெட்டி செய்கிற உங்களில் யாராவது ஒருவர் எனக்குப் போன் செய்கிறீர்கள். கூடவே நாலைந்து படங்களும் வந்து விழும். உருண்டைக் குமிழ் வைத்தது, நீளப் பிடி வைத்தது, சத்தம் போடுவது, போடாதது, விளக்கு எரிவது. எல்லாம் நல்ல சரக்குதான். நான் பதிலுக்கு, "ஆடப்போகிறவர் என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்பேன். உடனே உங்களுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். கிழவிக்குப் பேச்சுத்துணை இல்லை, ஊர்க்கதை கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். ஊர்க்கதை கேட்பது எனக்குப் பிடிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அதற்காக அல்ல.

தோள்பட்டை ஒத்துழைக்காததால் நான் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டேன். என் சாமான்களில் பாதி இப்போது உங்கள் மேசைகளில் இருக்கிறது. அதனால் சாமானோடு சேர்த்துக் கொடுக்க மறந்ததை இங்கே எழுதுகிறேன்.

பொருட்காட்சி ஸ்டாலில் டிக்கெட் கிழிக்கத்தான் நான் முதலில் போனேன். கேம் மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் ஒரு நாள் சம்பளத் தகராறில் முதலாளியைத் திட்டிவிட்டு, ஸ்குரூ டிரைவரை என் கவுண்டர் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். வரிசையில் நின்ற ஜனம் கூச்சல் போட்டது. நான் எழுந்து போய் ஒரு மெஷினைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது இவ்வளவுதானா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்படிப் பிடித்த ஆச்சரியம் இன்னும் விடவில்லை. ஊர் ஊராகச் சுற்றி அலுத்த பிறகு, கள்ளக்குறிச்சியில் என் வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்து, கேட்டவர்களுக்கு வீட்டில் வைத்து ஆடுகிற கேம் பெட்டிகள் செய்து கொடுத்தேன். பிளைவுட் பெட்டி, பழைய மானிட்டர், கையளவு கம்ப்யூட்டர் போர்டு, இரண்டு ஜாய்ஸ்டிக், கொஞ்சம் பட்டன்கள். உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

என்னிடம் ஒரு பலகை இருந்தது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று வகை ஜாய்ஸ்டிக்கை அதில் முடுக்கி வைத்திருந்தேன். எந்த ஒயரும் கிடையாது. ஆர்டர் கொடுக்க வருகிறவர் மடியில் அதை வைத்துவிட்டு, டீ போட்டுக் கொடுத்து, வேறு ஏதாவது பேசுவேன். மழை, கரும்பு வெட்டு, சேலம் பஸ், எதுவானாலும் சரி. பேச்சு சூடு பிடிக்கும்போது கை தானாக ஒரு குச்சியில் போய் உட்காரும். அதைத்தான் நான் பார்ப்பேன். சின்னசேலத்தில் மாவு மில் வைத்திருந்த ஒருவர் குமிழின் மேல் உள்ளங்கையைப் படிய வைத்தார், ஓடுகிற மெஷினில் அதிர்வு பார்ப்பதுபோல. ரிஷிவந்தியத்து டெய்லர் ஒருவர் இரண்டே விரலால் பிடித்தார். வாயால் அவர் கேட்டது முரட்டு ஸ்பிரிங், ஏதோ வீடியோவில் அதுதான் உசத்தி என்று சொன்னார்களாம். நான் இருப்பதிலேயே மெத்தென்ற ஸ்பிரிங்கைப் போட்டு அனுப்பினேன். கொஞ்ச நாள் கழித்து முரட்டு ஸ்பிரிங் எப்படி என்று கேட்டேன், பிரமாதம் என்றார்.

இப்போது ஏழுமலை கதைக்கு வருகிறேன்.

முதலில் வந்தது அவன் மனைவி சுமதி. கச்சிராயபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். ஏழுமலை பொக்லைன் ஓட்டுகிறவன். கல்வராயன் மலை ரோட்டை அகலப்படுத்துகிற வேலை நடந்துகொண்டிருந்தது. வாரம் முழுக்க மலையிலேயே தங்கிவிட்டு சனிக்கிழமை சாயங்காலம் வீடு வருவான்.

"வந்தா இன்னாக்கா பண்றாரு? போன எடுத்துக்கினு கட்டில்ல சாஞ்சிடறாரு. நான் ஒரு பக்கம், அவரு ஒரு பக்கம். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து ஆடற மாதிரி ஒண்ணு செஞ்சி குடுங்கக்கா."

பெட்டி வாங்க வருகிறவர்கள் எத்தனையோ காரணம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு காரணத்தை யாரும் சொன்னதில்லை. எனக்கு அவளை உடனே பிடித்துப்போனது.

அடுத்த சனிக்கிழமை அவனையும் இழுத்துக்கொண்டு வந்தாள். பலகையை ஆளுக்கொரு தடவை மடியில் வைத்தேன். சுமதி சிவப்பு உருண்டைக் குமிழை விரல் நுனியில் வைத்து உருட்டிக்கொண்டே என்னோடு பேசினாள், விளக்குத்திரி திரிப்பதுபோல. ஏழுமலையின் கை எதிலும் நிற்கவில்லை. ஒன்றைப் பிடித்தான், விட்டான், அடுத்ததைப் பிடித்தான், விட்டான்.

"இன்னாக்கா இது, கொழம்புக் கரண்டிக் காம்பு மாதிரி கீது. கைக்கு ஒண்ணுமே ஆப்டல."

இருந்ததில் நீளமான பிடியைக் காட்டினேன். அரை மனதாகத் தலையாட்டினான். வலது கைப்பக்கம் வரவேண்டும் என்று மட்டும் கறாராகச் சொன்னான். வழக்கமாக ஜாய்ஸ்டிக் இடது கைக்கும் பட்டன்கள் வலது கைக்கும்தான் வைப்போம். ஆனால் மாற்றிக் கேட்கிறவர்களும் உண்டு. அவன் பக்கத்தை மாற்றி வைத்து, பெட்டியை அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தேன். சுமதி முதல் ஆட்டத்திலேயே அவனை ஜெயித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தது தெருவுக்கே கேட்டிருக்கும்.

மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் ஏழுமலை தனியாக வந்தான். வார நாள். மலையில் இருக்க வேண்டியவன் இங்கே எப்படி என்று யோசித்துக்கொண்டே கதவைத் திறந்தேன். முகத்தில் நாலு நாள் தாடி. பையிலிருந்து ஒரு ஜாய்ஸ்டிக்கை எடுத்து என் மேசையில் வைத்தான். வைத்தான் என்பதைவிடப் போட்டான் என்பதே சரி. ஒயரை வெட்டியே எடுத்து வந்திருந்தான்.

"இத நீங்களே வெச்சிக்கங்கக்கா. பொட்டியையும் வந்து தூக்கிக்கினு போயிடுங்க. என் கையையே கெடுத்துப்புடுச்சி."

நான் மாட்டிய ஜாய்ஸ்டிக்தான், ஆனால் அடையாளம் தெரியவில்லை. என் நீளப் பிடியின் மேல் தடித்த கறுப்பு ரப்பர் கைப்பிடி ஒன்று ஏறியிருந்தது. உடைத்துப் போட்ட பொக்லைன் ஒன்றின் லீவரிலிருந்து உருவி, இடைவெளியில் சைக்கிள் டியூபைச் சுற்றி, கச்சிதமாக இறக்கியிருந்தான். வேலைப்பாடு உண்மையிலேயே நன்றாக இருந்தது. நானே இரண்டு தடவை பிடித்துப் பார்த்தேன்.

உட்கார வைத்துக் கேட்டபோது சொன்னான். மலை ரோட்டில் ஒரு வளைவில் கரையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மெஷின் கை சுற்றுகிற இடத்துக்குள் ஆட்கள் வரக்கூடாது. வரமாட்டார்கள். அன்றைக்குக் கல் பொறுக்குகிற பச்சையம்மா, தான் வைத்துவிட்டுப் போன, கல் சுமக்கிற இரும்புப் பாண்டை எடுக்க ஒரு நிமிஷம் உள்ளே வந்து குனிந்திருக்கிறார். பக்கெட் அவருக்குப் பக்கத்தில் தாழ்வாக நின்றிருந்தது. அவரைப் பார்த்ததும் மேலே தூக்கிவிடலாம் என்று ஏழுமலை லீவரைத் தொட்டான்.

பொக்லைனில் அந்தப் பெரிய கையைத் தூக்க வேண்டுமானால் லீவரைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். முன்னால் தள்ளினால் கீழே இறங்கும். கேமில் அப்படியே தலைகீழ். முன்னால் தள்ளினால்தான் உருவம் மேலே போகும்.

அவன் தள்ளிவிட்டான்.

"பாண்டு அப்பளமா நசுங்கிப்போச்சிக்கா. அந்தம்மா கையி இந்த எடத்துல இருந்துச்சி," என்று மேசையில் ஒரு சாண் அளந்து காட்டினான். அளந்த விரல் மேசையிலேயே நின்றுவிட்டது.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஏழுமலை மெஷினை விட்டு இறங்கி, காய்ச்சல் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். திங்கட்கிழமை ஏறாவிட்டால் வேறு ஆபரேட்டரைப் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். டிராக்டரிலிருந்து இந்தப் பெரிய மெஷினுக்கு அவன் மாறி ரொம்ப காலம் ஆகவில்லை. இதை விட்டால் மறுபடி டிராக்டருக்குத்தான் போக வேண்டும். அதைவிட அவனை வாட்டியது வேறு. திங்கட்கிழமை ஏறினால் மட்டும் கை ஒழுங்காக வேலை செய்யும் என்று யார் சொல்வது? அடுத்த முறை பாண்டோடு போகாமல் இருந்தால்?

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலோர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. கார் ரேஸ் கேம் ஆடுகிற டிரைவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். கேமில் சுவரில் மோதுவார்கள், பாலத்திலிருந்து குதிப்பார்கள், வெளியே வந்து ஒழுங்காக லாரி ஓட்டிக்கொண்டு போவார்கள். அவர்கள் கை கெடவில்லை. இவன் கை மட்டும் ஏன் கெட்டது? அதைத் தெரிந்துகொள்ளாமல் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் அவன் பயத்தையும் சேர்த்துத் தூக்கிவர முடியாது.

"பொட்டி இருக்கட்டும். நான் வந்து பார்க்கறேன்," என்றேன்.

"பாக்க இன்னா கீது?"

"தெரியாததனாலதானப்பா வர்றேன்."

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுமதி அழுது முகம் வீங்கியிருந்தாள். "நாந்தானக்கா வாங்கியாந்தேன். அந்தம்மாவுக்கு ஏதாவது ஆயிருந்தா?" என்றாள். அவள் கேட்டது பக்கத்தில் உட்கார்ந்து ஆட ஒரு பெட்டி, அவ்வளவுதான்.

பெட்டியைப் பார்த்தேன். நான் மாட்டிக் கொடுத்தபோது இருந்த மாதிரி இல்லை. சுமதி முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூல். ஏழுமலை முன்னால் கைப்பிடி வைத்த நாற்காலி, காலுக்கடியில் செங்கல் இரண்டு. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். வலது கை, கைப்பிடியில் முழங்கை ஊன்றி நேராக ஜாய்ஸ்டிக் இருக்கிற இடத்துக்குப் போனது.

"மெஷின்ல சீட்டு இப்படித்தான் இருக்குமா?"

"அப்டியேதாங்க்கா. அப்பத்தான் எனக்கு ஆட வரும்," என்றான்.

வெட்டிய ஒயரை ஒட்டி அவன் ஜாய்ஸ்டிக்கை மறுபடி பொருத்தினேன். கேமை ஆன் செய்யவில்லை. அவனை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொன்னேன். எனக்கு உள்ளுக்குள் கூச்சமாகத்தான் இருந்தது, ஜோசியம் பார்க்க வந்தவள்போல. ஆனால் வேறு வழி தோன்றவில்லை.

முதலில் அந்த ரப்பர் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லி, "பக்கெட்டத் தூக்கு," என்றேன். இழுத்தான். "கேம்ல மேல ஏறு," என்றேன். தள்ளினான். இரண்டும் சரி. பிறகு பக்கெட்டும் சொல்லவில்லை, கேமும் சொல்லவில்லை. "தூக்கு!" என்று மட்டும் சட்டென்று அதட்டினேன்.

கை அசையவில்லை. அப்புறம் முன்னால் கொஞ்சம் போய், பின்னால் வந்து, நடுவில் நின்றது. சுமதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து அவனை எழுப்பி சுமதியின் ஸ்டூலில் உட்கார வைத்தேன். இடது கையில் அவளுடைய சிவப்புக் குமிழ். பக்கெட், கேம் என்று மாற்றி மாற்றிக் குழப்பிவிட்டு, திடீரென்று "தூக்கு!" என்றேன். யோசிக்காமல் முன்னால் தள்ளினான். இன்னொரு தடவையும் அப்படியே. அந்தக் குமிழைப் பிடித்த கைக்கு இது விளையாட்டு என்பதில் ஒரு சந்தேகமும் இல்லை.

"கண்ணத் தெற. உன் கை கெட்டுப்போகல. நீதான் அதுகிட்ட ரெண்டு வேலைக்கும் ஒரே பிடியக் குடுத்து வெச்சிருக்க. எது எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

அவன் அந்த ரப்பர் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே தடிமன், அதே சொரசொரப்பு, அதே உயரம், அதே கை. திசை மட்டும் எதிர். நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசையாக அவன் செய்த ஒவ்வொன்றும் அவன் கையை ஏமாற்றிக்கொண்டிருந்தது.

அவன் முகத்தில் முதல் தடவையாகக் களை வந்தது. உடனே எழுந்துவிட்டான். "அப்ப சுளுவாப் போச்சிக்கா! மேல் ஒயரையும் கீழ் ஒயரையும் மாத்திக் குடுத்துடுங்க. இழுத்தா மேல போவட்டும். மெஷின்லயும் அப்டி, கேம்லயும் அப்டி."

சுமதியும் சேர்ந்துகொண்டாள். "என்னுதையும் மாத்திடுங்கக்கா. நானும் தலகீழாவே ஆடக் கத்துக்கிறேன்."

நியாயமான யோசனை. இரண்டு ஒயர், டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. நான் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்துப் பின்பக்கத்துப் பலகையைக்கூடத் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து முதலாளி போன் செய்தார். திங்கட்கிழமை வருகிறாயா இல்லையா, ஒரே பேச்சாகச் சொல் என்றார். ஏழுமலை போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். சுமதி என்னைப் பார்த்தாள். பொக்லைன் வேலைக்கு நான் உத்தரவாதம் கொடுக்க வேண்டிய நிலைமை.

"ஞாயித்துக்கெழம சொல்றேன்னு சொல்லு," என்றேன்.

போனை வைத்தபிறகு அவனிடம் கேட்டேன். "மெஷின்ல எப்படித் தூக்குவ? செஞ்சி காட்டு." ரப்பர் பிடியைப் பிடித்து மெதுவாக, நூல் நூலாக இழுத்தான். எவ்வளவு இழுக்கிறானோ அவ்வளவு வேகம் அந்த மெஷினில். கொஞ்சம் இழுத்தால் மெல்ல எழும்பும், நிறைய இழுத்தால் விசுக்கென்று எழும்பும். "இப்ப கேம்ல செய்." கோடி வரைக்கும் ஒரே இழுப்பு. டக்.

உங்களுக்குத் தெரியும், நம் ஜாய்ஸ்டிக்கில் உள்ளே இருப்பது நாலு சுவிட்ச். ஒன்று ஆன், இல்லாவிட்டால் ஆஃப். மெல்லத் தள்ளினாலும் வேகமாகத் தள்ளினாலும் ஒரே பலன். அதனால் ஆடுகிறவர் எவரும் மெல்லத் தள்ளமாட்டார். திசையை நான் இரண்டு ஒயரில் மாற்றிவிடுவேன். அந்த அவசரத்தை எந்த ஒயரில் மாற்றுவது? அதே பிடியில், சனியும் ஞாயிறும் கோடிவரை அடித்துப் பழகிய கை திங்கட்கிழமை மலையில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. செய்யாமலும் இருக்கலாம். ஆனால் பச்சையம்மாவைப் பக்கத்தில் நிற்க வைத்து அதைப் பரிசோதித்துப் பார்க்க முடியாது.

"ஒயர மாத்தமாட்டேன்," என்றேன்.

ஏழுமலை கத்திவிட்டான். "ஒங்களுக்கு இன்னாக்கா? ஒங்க பொழப்பா போவுது?" என்றான். சுமதி அவனை அடக்கப் பார்த்தாள். எனக்கும் கோபம் வந்தது. நானும் பதிலுக்குக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதினால் அச்சில் ஏறாது. கத்திக்கொண்டே ரப்பர் பிடியை உருவினேன், சைக்கிள் டியூபைப் பிரித்தேன், ஜாய்ஸ்டிக்கை வலது பக்கத்திலிருந்து கழற்றி இடது பக்கம் மாட்டினேன். நீளப் பிடியை எடுத்துவிட்டு, என் பையில் இருந்ததிலேயே சின்னதாக ஒரு சிவப்புக் குமிழைத் திருகினேன். நாற்காலியை நகர்த்தி இன்னொரு ஸ்டூலைப் போட்டேன். இப்போது அவன் கைக்கு வந்தது, முதல் நாள் அவன் வேண்டாம் வேண்டாம் என்ற அந்தக் கரண்டிக் காம்பேதான்.

"பிடிச்சிப் பாரு."

பிடித்தான். மூஞ்சியைச் சுளித்தான். "கொழந்தைங்க சாமான் மாதிரி கீது."

"அப்படித்தான் இருக்கணும். தொட்ட ஒடனே இது அது இல்லன்னு உன் கைக்குத் தெரியணும்."

ஒரு ஆட்டம் ஆடினார்கள். இடது கையில் அவனுக்கு ஒன்றுமே வரவில்லை. சுமதி அவனைத் துவைத்துப் போட்டாள். ஆனால் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை அங்கே நடுவில் உட்கார்ந்திருந்தது.

காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வாசல் வரை வந்தவன், "எல்லாம் புரியுதுக்கா. ஆனா லீவரத் தொட மனசு வரல," என்றான். சரி, ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது, போய்த் தொட்டுப் பார்க்கலாம் என்றேன். முதலாளிக்குப் போன் போட்டான். ஓட்டிப் பார்த்துக்கொள், ஆனால் பள்ளத்துப் பக்கம் வேண்டாம், மண் கொட்டி வைத்திருக்கிற சமதரையில் மட்டும் ஓட்டு என்றார் அவர்.

நானும் சுமதியும் பஸ்ஸில் மலை ஏறினோம். ஏழுமலை வண்டியில் முன்னால் போனான். பின் சீட்டில் புதுப் பாண்டு ஒன்றைக் கட்டியிருந்தான். வழியில் பச்சையம்மா வீட்டில் நிறுத்தி, தப்பு என்னுதுதான் என்று சொல்லி அதைக் கொடுத்திருக்கிறான். அவர் பாண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாராம். "நானும் உள்ள வந்திருக்கக் கூடாது. ஆனா ஒண்ணு. இனிமே தூக்கறதுக்கு முன்னால ஆரன் அடி. அடிச்சாத்தான் நான் வேலைக்கு வருவேன்," என்று சொன்னாராம்.

வளைவைத் தாண்டிச் சமதரையில் மெஷின் நின்றிருந்தது. அவ்வளவு பக்கத்தில் ஒரு பொக்லைனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு ஏறி உட்கார்ந்து பார்க்க ஆசை. ஆனால் நேரம் அதற்கில்லை. ஏழுமலை ஏறினான். கதவைச் சாத்தினான். சாவியைப் போடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்குள் அவன் வலது கை தொடைமேல் கிடப்பது தெரிந்தது.

சுமதி மெஷினை நோக்கி நடந்தாள். எங்கள் மூன்று பேருக்கும் சாம்பார் சாதம் கட்டிவந்த தூக்குச்சட்டியைக் கொண்டுபோய் மெஷினுக்கு முன்னால் மண்ணில் வைத்து, பிடியை நிமிர்த்தி விட்டாள். பிறகு நெடுந்தூரம் தள்ளி வந்து, ஒரு பாறைக்குப் பக்கத்தில் என்னோடு நின்றுகொண்டாள்.

"கவுத்தீங்கன்னா இன்னிக்கு யாருக்கும் சோறு கெடையாது!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என்ஜின் உறுமியது. அடுத்து ஆரன் அடித்தான். எங்கள் இரண்டு பேரைத் தவிர அந்த இடத்தில் ஈ காக்கை இல்லை, இருந்தும் அடித்தான்.

பக்கெட் இறங்கியது. இறங்கி, தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவன் மூச்சு வாங்குகிறான் என்று நினைத்தேன், அல்லது மூச்சு வாங்கியது நானாக இருக்கலாம். பக்கெட்டின் பல் ஒன்று, விரலை நீட்டுவதுபோல மெல்ல நகர்ந்து, பிடிக்குள் நுழைந்தது. இனிமேல் தூக்க வேண்டும். சுமதி என் தோளைப் பிடித்தாள், அதுவும் வலிக்கிற தோளை. நான் கையை எடு என்று சொல்லவில்லை.

தூக்குச்சட்டி எழும்பியது. அலுங்காமல் எழும்பி, ஆடாமல் திரும்பி வந்து, எங்களுக்கும் மெஷினுக்கும் நடுவில் இருந்த தட்டைப் பாறைமேல் இறங்கியது. பல் பிடியை விட்டு வெளியே வந்த சத்தம் டிங்கென்று கேட்டது. என்ஜின் நின்றது.

சுமதி ஓடிப்போய் மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு சொட்டு வழியவில்லை.

ஏழுமலை இறங்கி வந்தான். வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான். நாளைக்கு வருகிறேன் என்று முதலாளிக்குச் சொல்லிவிட்டான். அதன்பிறகு அவனை வேலையை விட்டு யாரும் மாற்றவில்லை. மலை ரோடு போட்டு முடிகிறவரை அவன்தான் ஓட்டினான். பச்சையம்மாவும் அங்கேயேதான் வேலை பார்த்தார்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, நல்ல ஜாய்ஸ்டிக் எது என்று என்னைக் கேட்காதீர்கள். ஆடுகிறவரின் கை பகலெல்லாம் எதைப் பிடிக்கிறது என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பிடித்த மாதிரியே இருப்பது சில பேருக்குச் சுகம். சில பேருக்கு அதுவே ஆபத்து. கேட்டதைக் கொடுப்பதா மறுப்பதா என்று எந்தப் பெட்டிமேலும் எழுதியிருக்காது. நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் உங்கள்மேல் கத்தினாலும்.

அன்றைக்கு மலையில் சாப்பிட உட்காரும் முன் சுமதி தன் கைப்பையைத் திறந்தாள். நான் அவனுக்காகத் திருகிக் கொடுத்த அந்தச் சின்னச் சிவப்புக் குமிழைக் காலையில் கழற்றி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வலது கையை விட்டுவிட்டு, அவனுடைய இடது கையைப் பிடித்து விரித்து, குமிழை அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"அந்தக் கையி பொழப்புக்கு வெச்சிக்கங்க," என்றாள். "இது எனக்கு."